பழைய முலாம் பட்டறை மனை: செப்டிக் டேங்குக்கு மண் தாங்குமா, நிலத்தடி நீர் எப்படி என்று வாங்கும் முன் எப்படிப் பார்ப்பது?

பட்டறைவாசி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. மின்சாதன உதிரிகளைப் பொருத்தித் தரும் சின்ன நிறுவனம் எங்களுடையது. இப்போதைய இடம் போதவில்லை என்பதால் ஒரு பழைய தொழிற்கூட மனையை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். சுமார் 8,000 சதுர மீட்டர். முன்பக்கம் பெரிய கொட்டகை, பின்பக்கம் காலியிடம். தரை பின்பக்கமாகச் சரிகிறது. பொதுச் சாக்கடை இணைப்பு அந்தப் பகுதியில் கிடையாது, சீக்கிரம் வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆகவே செப்டிக் டேங்க்தான் வழி. இரண்டு ஷிப்டும் சேர்த்து 60 பேர் வேலை செய்வார்கள். சின்ன கேண்டீன் ஒன்றும் உண்டு.

விற்பவர் ஒரு மண் சோதனை அறிக்கை கொடுத்திருக்கிறார். பின்பக்கக் காலியிடத்தில் ஒரே ஒரு குழியில் செய்தது. தண்ணீர் 25 மி.மீ. இறங்க 12 நிமிடம் ஆனதாகவும், அதனால் இது உறிஞ்சுகுழிக்கு ஏற்ற மண் என்றும் எழுதியிருக்கிறது. தேதியைப் பார்த்தால் கடும் கோடை. மனைக்குள் 90 மீட்டர் ஆழத்துக்கு ஒரு போர்வெல் இருக்கிறது. அதில் தண்ணீர் 30 மீட்டருக்குக் கீழேதான் நிற்கிறதாம், அதனால் நிலத்தடி நீரைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்கிறார். வேலிக்கு அப்பால், சரிவின் கீழ்ப்பக்கம், அடுத்த மனைக்காரரின் திறந்த கிணறு ஒன்று தெரிகிறது.

என்னை உறுத்துவது இரண்டு விஷயம். இந்தக் கொட்டகையில் முன்பு உலோகப் பாகங்களுக்கு முலாம் பூசும் வேலை நடந்திருக்கிறது. தரையில் இரும்புச் சல்லடை போட்டு மூடிய இரண்டு வடிகால் வாய்கள் இருக்கின்றன. அவை எங்கே போய்ச் சேருகின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொன்று, கொட்டகையின் பக்கவாட்டில் பழைய செப்டிக் டேங்க் ஒன்று இருக்கிறது. அதையே சுத்தம் செய்து பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறார்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்? அந்த ஒரு தாள் அறிக்கை போதுமா? மண், தண்ணீர் விஷயத்தில் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மெயின்டனன்ஸ் மேஸ்திரி:

மண் விஷயம் தெரிந்தவர்கள் வருவார்கள். நான் உள்ளே நடக்கிறதைச் சொல்கிறேன். பல வருடமாகத் தொழிற்கூடப் பராமரிப்புதான் என் வேலை.

வீட்டுக்குப் போடும் கணக்கில் தொழிற்கூடத்துக்கு டேங்க் போடாதீர்கள் சார். வீட்டில் தண்ணீர் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். இங்கே ஷிப்ட் மாறும் அரை மணி நேரத்தில் பாதித் தண்ணீர் வந்துவிடும். அந்த வேகத்தில் டேங்கின் அடியில் படிந்த கசடு கிளம்பி வெளியே போகும், உறிஞ்சும் மண்ணை அடைத்துவிடும். டேங்குக்குப் பிறகு ஒரு சேமிப்புத் தொட்டி வைத்து, சின்ன பம்ப் மூலம் நாள் முழுக்கப் பிரித்து விட ஏற்பாடு செய்யுங்கள்.

கேண்டீன் தண்ணீருக்கு எண்ணெய்ப் பிரிப்புத் தொட்டி கட்டாயம். தண்ணீர் மென்மையாக்கும் கருவி வைக்கிறீர்கள் என்றால் அதைக் கழுவி வரும் உப்புத் தண்ணீரைச் செப்டிக் பக்கமே விடக் கூடாது. அந்தச் சோடியம் களிமண்ணின் கட்டைக் குலைத்து மண்ணின் கண்களை மூடிவிடும். கம்ப்ரஸரிலிருந்து சொட்டும் எண்ணெய்த் தண்ணீரும் அப்படித்தான், அதைத் தனியாகப் பிடித்து வையுங்கள். அப்புறம், உறிஞ்சு வாய்க்கால், அதாவது டேங்கிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்குள் பரப்பி விடும் வாய்க்கால், போடும் இடத்தில் லாரி திரும்பக் கூடாது. ஒரு தடவை மண் அமுங்கிவிட்டால் அது பழைய நிலைக்கு வராது. கட்டட வேலை ஆரம்பிக்கும் முன்பே அந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டுவிடுங்கள்.

நேர்வழி:

எதற்கு இவ்வளவு யோசனை? மேல் மண் உறிஞ்சவில்லை என்றால் 6, 7 மீட்டர் ஆழத்துக்கு உறை இறக்கி உறிஞ்சுகுழி போடுங்கள். அடியில் சரளையோ வெடிப்புப் பாறையோ கிடைத்தால் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் இழுத்துக்கொள்ளும். நிறைய பேர் செய்கிற வேலைதான்.

மண்கண்:

மண்ணையும் நிலத்தடி நீரையும் பார்த்துச் சொல்வதுதான் என் தொழில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 12 நிமிடம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்தக் குழியில் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. நீங்கள் வாங்கப் போவது முலாம் பட்டறை இருந்த மனை. இறங்குகிற தண்ணீர் எங்கே போய்ச் சேரும், போகிற வழியில் எதைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகும் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

முதலில் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். உறிஞ்சல் சோதனையை முறையாகச் செய்தால் குழியின் பக்கச் சுவரைச் சுரண்டிவிட்டு, அடியில் 5 செ.மீ. சரளை போட்டு, முந்தின நாளே தண்ணீர் நிரப்பி இரவு முழுக்க ஊறவிட வேண்டும். கோடையில் களிமண் வெடித்துக் கிடக்கும். ஊற்றுகிற தண்ணீர் வெடிப்புக்குள் ஓடி மறைந்துவிடும். மண் ஊறிப் பருத்து வெடிப்பு மூடிய பிறகு கிடைக்கும் வேகத்தைத்தான் நம்பலாம். உங்கள் அறிக்கையில் ஊறவைத்தார்களா, குழி எவ்வளவு ஆழம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிடலாம்.

இதனால் என்ன வித்தியாசம் வரும் என்பதற்கு ஒரு கணக்கு. இந்தியத் தரநிலை 2470 தரும் சூத்திரப்படி, தண்ணீர் 25 மி.மீ. இறங்க ஆகும் நிமிடத்தின் வர்க்கமூலத்தால் 204ஐ வகுத்தால் ஒரு சதுர மீட்டர் மண் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தாங்கும் என்று வரும். 12 நிமிடத்துக்கு 59 லிட்டர். ஊறிய மண்ணில் அதே சோதனை 40 நிமிடம் காட்டினால் 32 லிட்டர்தான். உங்கள் 60 பேருக்குத் தலைக்கு 45 லிட்டர் வைத்தால் நாளைக்கு 2,700 லிட்டர். முதல் கணக்கில் 46 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு போதும், இரண்டாவதில் 84 வேண்டும். 60 நிமிடத்தையும் தாண்டினால் சாதாரண உறிஞ்சல் முறை சரிவராது, வேறு சுத்திகரிப்புக்குத்தான் போக வேண்டும். கேண்டீன் தண்ணீரை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அப்புறம், தண்ணீர் ரொம்ப வேகமாக இறங்குவதும் நல்லதற்கு இல்லை. இங்கேதான் நேர்வழி நண்பர் சொன்னதற்கு மறுப்பு சொல்ல வேண்டியிருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டேங்கிலிருந்து வெளியே வரும் தண்ணீர் சுத்தமான தண்ணீர் கிடையாது. டேங்க் கனமானதைப் படியவைக்கிறது, மிதப்பதைத் தடுக்கிறது, கொஞ்சம் செரிக்கிறது, அவ்வளவுதான். கிருமி சாவதும் பெரும்பகுதி அழுக்கு சிதைவதும் உறிஞ்சு வாய்க்காலுக்கு அடியில், காற்றோட்டம் உள்ள, தண்ணீர் நிறையாத மண்ணில்தான். ஆழமாக உறை இறக்கி வெடிப்புப் பாறையில் விட்டால் அந்த மண்ணையே தாண்டிப் போய்விடுகிறீர்கள். வெடிப்புப் பாறை எதையும் வடிகட்டாது. 2000ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் வாக்கர்டன் ஊரில் கனமழையில் மாட்டுச் சாணக் கிருமி ஆழம் குறைந்த பொதுக் கிணறு ஒன்றில் இறங்கியது. அந்தக் கிணறு வெடிப்புள்ள சுண்ணாம்புப் பாறையில் தோண்டியது. குளோரின் கலப்பிலும் குறை இருந்தது. 7 பேர் இறந்தார்கள், சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். நிறைய பேர் செய்கிறார்கள் என்பதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் வேலிக்கு அப்பால் ஒருவர் கிணறு வைத்திருக்கிறார்.

சரி, நிலத்தடி நீர்மட்டம். போர்வெல்லில் 30 மீட்டரில் தண்ணீர் நிற்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 90 மீட்டர் போர்வெல், மேலே குழாய் இறக்கி மறைத்தது, ஆழத்துப் பாறையிலுள்ள தண்ணீரின் மட்டத்தைத்தான் காட்டும். அதற்கு மேலே ஒரு களிமண் அடுக்கின்மேல் 2 மீட்டரிலேயே இன்னொரு தண்ணீர் நின்றால் போர்வெல்லுக்கு அது தெரியவே தெரியாது. உறிஞ்சு வாய்க்காலுக்கு முக்கியம் அந்த மேல் தண்ணீர்தான். அடுத்த மனைக்காரரிடம் கேட்டு அந்தத் திறந்த கிணற்றை எட்டிப் பாருங்கள். தண்ணீர் இப்போது எங்கே நிற்கிறது என்பதோடு, கிணற்றுச் சுவரில் பழைய நீர்க்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். மழைக்காலத்தில் எவ்வளவு ஏறும் என்பது அவருக்கே தெரியும், விற்பவரைவிட அவர் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

அடுத்தது சோதனைக் குழி. செலவு குறைவு, கிடைக்கும் செய்தி அதிகம். ஜேசிபி வைத்துப் பின்பக்கத்தில் மூன்று நான்கு இடங்களில் 2 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தோண்டச் சொல்லுங்கள். ஆழக் குழிக்குள் யாரும் இறங்க வேண்டாம், பக்கச் சுவர் சரியும். வாளியில் அள்ளிய மண்ணை ஆழம் குறித்து வரிசையாகத் தரையில் கொட்டச் சொல்லிப் பாருங்கள். தொழிற்கூட மனைகளில் மேல் ஒரு மீட்டர் பெரும்பாலும் சொந்த மண்ணாக இருக்காது. கட்டட இடிபாடு, சாம்பல், எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டிய மண். இடிபாட்டுக்குள் தண்ணீர் சல்லென்று இறங்கும், 12 நிமிடம் என்ன, 2 நிமிடம்கூடக் காட்டும். அதற்கு அடியிலுள்ள களிமண் அந்தத் தண்ணீரை வாங்காது. அது பக்கவாட்டில் நகர்ந்து சரிவின் கீழே ஊற்றாக வெளியே வரும்.

சொந்த மண் வந்ததும் ஒரு கட்டியை எடுத்து உடையுங்கள். உடைத்த முகத்தை நிழலில் வைத்துப் பாருங்கள், காய்ந்திருந்தால் கொஞ்சம் நனைத்துக்கொள்ளுங்கள். ஒரே சீராகச் சிவப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் அந்த ஆழத்தில் காற்றோட்டம் உண்டு. சாம்பல் நிறத்தில் இருந்து, அதில் துரு நிறப் புள்ளிகள் தெறித்தாற்போல இருந்தால், பழைய வேர்த் துவாரங்களின் ஓரமெல்லாம் ஆரஞ்சு நிறக் கோடு ஓடினால், அந்த ஆழம் வருடத்தில் சில வாரமாவது தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் நிற்கும்போது காற்று இல்லாமல் இரும்பு கரைந்து நகர்கிறது, அந்த இடம் வெளிறுகிறது. தண்ணீர் இறங்கியதும் காற்றுப் பட்ட இடத்தில் அதே இரும்பு துருவாகப் படிகிறது. கோடையில் குழி எலும்புபோலக் காய்ந்திருந்தாலும் இந்தப் புள்ளிகள் அழியாது. மழைக்கால நீர்மட்டம் எதுவரை ஏறுகிறது என்பதைக் கோடையிலேயே கண்டுபிடிக்க இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியவில்லை. வாய்க்காலின் அடிமட்டத்துக்கும் இந்தப் புள்ளிகள் தொடங்கும் ஆழத்துக்கும் இடையே குறைந்தது 60 செ.மீ., பல விதிகளில் 120 செ.மீ. வரை, காய்ந்த மண் இருக்க வேண்டும்.

மண்ணின் தன்மைக்கு நனைந்த மண்ணைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து நாடாவாகத் தள்ளிப் பாருங்கள். 5 செ.மீ.க்கு மேல் அறுபடாமல் நீண்டால் கனமான களிமண். அங்கே உறிஞ்சல் சோதனை எதைக் காட்டினாலும் எச்சரிக்கையாக இருங்கள்.

நைட்ரேட்டையும் மறக்க வேண்டாம். தொழிற்கூடக் கழிவறைத் தண்ணீரில் குளிக்கிற, துவைக்கிற தண்ணீர் கலப்பதில்லை. அதனால் வீட்டுத் தண்ணீரைவிட அதில் நைட்ரஜன் செறிவு அதிகம். டேங்கில் அமோனியாவாக இருப்பது காற்றோட்டமுள்ள மண்ணில் நைட்ரேட்டாக மாறி, மண்ணில் ஒட்டாமல் நேராக நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 50 மி.கி. நைட்ரேட் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பச்சிளம் குழந்தைகளுக்கு அதற்கு மேல் ஆபத்து. கீழ்ப்பக்கக் கிணற்றில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று எழுதி வைக்காவிட்டால், நாளைக்குக் கூடினால் அது உங்களால் வந்ததா, முன்பே இருந்ததா என்று யாரும் சொல்ல முடியாது.

இனி, உங்களை உறுத்தியதாகச் சொன்னீர்களே, அந்த வடிகால் வாய்கள். உறுத்தல் நியாயமானது. என்னைக் கேட்டால் இந்த மனையில் முதல் வேலை அதுதான். முலாம் பூசுவதற்கு முன் உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்க ட்ரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்களைப் பயன்படுத்துவது பல காலம் உலகெங்கும் வழக்கமாக இருந்தது. அது தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். பெட்ரோல், டீசல் போல நீர்மட்டத்தின்மேல் மிதக்காது. சிந்தினால் நீர்மட்டத்தையும் தாண்டிக் கீழே இறங்கி, பாறை வெடிப்பில் தங்கி, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் குடிநீருக்கு அதன் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். எவ்வளவு சிறிய அளவு என்று பாருங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூபர்ன் நகரில் 1979இல் இரண்டு பொதுக் கிணறுகளை மூட வேண்டி வந்தது இந்தக் கரைப்பானால்தான், வந்ததோ பக்கத்துத் தொழிற்கூட மனைகளிலிருந்து.

இதோடு குரோமியம், நிக்கல், துத்தநாகம், காட்மியம், சயனைடு எல்லாம் முலாம் வேலையோடு வருகிறவை. பெரும்பாலான உலோகங்கள் மண்ணிலும் கசடிலும் ஒட்டிக்கொள்ளும். குரோமியத்தின் ஒரு வடிவமான ஆறு இணைதிற குரோமியம் மட்டும் தண்ணீரோடு சுலபமாக நகரும். இப்படிப்பட்ட மண்ணின் வழியாகத் தினமும் 2,700 லிட்டர் புதுத் தண்ணீரை இறக்கினால், அசையாமல் கிடந்த அழுக்கை நீங்களே தள்ளிவிடுகிறீர்கள். உறிஞ்சுகுழிக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது இதை யோசிப்பவர்கள் குறைவு.

வடிகாலைக் கண்டுபிடிக்கப் பச்சைச் சாயம் போதும். ஃபுளோரசின் சாயத்தை ஒவ்வொரு வாயிலும் தனித்தனியாக, நிறையத் தண்ணீரோடு ஊற்றி, பழைய செப்டிக் டேங்க், வெளி ஓடை, கீழ்ப்பக்கத் தரை எல்லாவற்றையும் பாருங்கள். ஒன்று முடிந்து நிறம் போன பிறகுதான் அடுத்தது.

பழைய டேங்கை இப்போதைக்கு யாரும் காலி செய்ய வேண்டாம். அடியில் படிந்த கசடு அந்தப் பட்டறையின் நாட்குறிப்பு. எதை ஊற்றினார்கள் என்று விற்பவர் மறந்திருக்கலாம், கசடில் இருக்கும் நிக்கலும் குரோமியமும் சொல்லிவிடும். மாதிரி எடுத்துச் சோதித்த பிறகுதான் உறிஞ்சு லாரி வர வேண்டும், அதுவும் சாதாரண வீட்டுக் கசடு என்று சொல்லி ஏற்றக் கூடாது. மூடியைத் திறந்துவிட்டுத் தலையை உள்ளே நீட்டுவதோ இறங்குவதோ கூடவே கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஒரு மூச்சிலேயே ஆளைச் சாய்க்கும், செறிவு கூடினால் வாசனையும் தெரியாது. நீளக் குழாய் வைத்து மேலிருந்தே மாதிரி எடுப்பார்கள்.

அப்புறம், நிலத்தடி நீரின் மட்டத்தை அளக்கவும் மாதிரி எடுக்கவும் மூன்று கண்காணிப்புக் குழாய்கள். ஒரு நேர்கோட்டில் இல்லாமல் முக்கோணமாக: ஒன்று மேல்பக்கம், ஒன்று கொட்டகைக்கும் டேங்குக்கும் கீழே, ஒன்று வேலியோரம் கிணற்றுப் பக்கம். துளையிட்ட பிவிசி குழாய், சுற்றிலும் சரளை, மேலே பென்டோனைட் என்ற, நனைந்தால் பருக்கும் களிமண் அடைப்பு. மழைத் தண்ணீர் குழாயோரமாக இறங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த அடைப்பு. மூன்று குழாய்களின் வாய் மட்டத்தையும் அளந்து, உள்ளே தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் என்று கழித்தால் மூன்று நீர்மட்டங்கள் கிடைக்கும். அதிலிருந்து தண்ணீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று வரைந்துவிடலாம். தரை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம்தான் தண்ணீரும் போகும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அளப்பதற்கு முந்தின இரவே போர்வெல்லை நிறுத்திவிடுங்கள், ஓடும் மோட்டார் மட்டத்தை இழுத்துத் தவறான படம் காட்டும். போர்வெல் ஓடும்போது ஒரு தடவை தனியாகவும் அளந்து பாருங்கள். கண்காணிப்புக் குழாய்களில் மட்டம் இறங்கினால் உங்கள் கழிவுநீர் உங்கள் போர்வெல்லுக்கே வரக்கூடும் என்று பொருள்.

நீர் மாதிரிக்கு வருவோம். கார அமிலத்தன்மை, மின்கடத்தல், குளோரைடு, நைட்ரேட், அமோனியா, மலக் கலப்பைக் காட்டும் ஈ. கோலை கிருமி, உலோகங்கள், ஆறு இணைதிறக் குரோமியம், சயனைடு, ஆவியாகும் கரைப்பான்கள். கடைசியில் சொன்னதில் ட்ரைகுளோரோஎத்திலீன் மட்டும் கேட்டால் போதாது. காற்றில்லாத மண்ணில் அது சிதைந்து டைகுளோரோஎத்திலீனாகவும் வினைல் குளோரைடாகவும் மாறும், அவற்றையும் கேளுங்கள். கரைப்பானுக்கான சின்னக் குப்பியில் ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது, இருந்தால் கரைப்பான் அதற்குள் ஆவியாகிவிடும். குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பார்கள். மாதிரி எடுக்க வருபவர் இதைச் செய்யவில்லை என்றால் நீங்களே கேட்கலாம்.

பட்டறைவாசி:

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. மேஸ்திரி அண்ணனுக்கும் நன்றி, ஷிப்ட் விஷயம் எங்கள் மனதிலேயே இல்லை.

விற்பவர் முதலில் தயங்கினார். பிறகு சோதனைக் குழிக்கும் சாயத்துக்கும் ஒப்புக்கொண்டார். பின்பக்கம் கீழே தோண்டிய இரண்டு குழிகளிலும் 80 செ.மீ. வரை செங்கல் துண்டு, சாம்பல், கம்பித் துண்டு. அதற்கு அடியில் மஞ்சள் பழுப்புக் களிமண். 1.1 மீட்டரில் நீங்கள் சொன்ன சாம்பல் நிறமும் துருப் புள்ளிகளும் அப்படியே இருந்தன, நாடா 6 செ.மீ. வரை நீண்டது. மேல்பக்கம், வாசலுக்கு அருகில் தோண்டிய குழியில் மட்டும் 2 மீட்டர் வரை சிவந்த மணல் கலந்த மண், புள்ளியே இல்லை. சாயத்தில் ஒரு வடிகால் வாய் பழைய செப்டிக் டேங்கில் வந்து சேர்ந்தது. இன்னொன்றில் ஊற்றிய சாயம் எங்கேயும் வரவில்லை. தண்ணீர் மட்டும் தங்கு தடையில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது. அடுத்த மனைக்காரர் கிணறு மழைக்காலத்தில் கைப்பிடிச் சுவருக்குக் கீழே ஒரு ஆள் உயரம் வரை ஏறும் என்கிறார்.

வாசல் பக்கம் போட்டுவிடலாமா? பழைய டேங்கை என்ன செய்வது?

மண்கண்:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். கீழ்ப்பக்கம் முடிந்துபோன விஷயம். வாய்க்காலின் அடி 60 செ.மீ.யில் என்று வைத்தாலும் புள்ளிகள் 1.1 மீட்டரில் தொடங்குகின்றன, நடுவே 50 செ.மீ.தான். அதிலும் மேல் 20 செ.மீ. இடிபாடு. விற்பவரின் 12 நிமிடம் அந்த இடிபாட்டில் எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

வாசல் பக்கத்து மண் நம்பிக்கை தருகிறது. ஆனால் அது மேட்டுப்பக்கம். அங்கே விடும் தண்ணீர் கொட்டகைக்கு அடியில் போகுமா என்பதைக் கண்காணிப்புக் குழாய்கள்தான் சொல்ல வேண்டும். போனால், கொட்டகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அங்கே வாய்க்கால் போடக் கூடாது. போர்வெல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் அளந்து பாருங்கள். பல விதிகளில் 15 முதல் 30 மீட்டர் கேட்பார்கள், பாறை மேலாக இருந்தால் கூடுதலாகவே வையுங்கள். எல்லாம் சரியாக வந்தால், வாய்க்கால் போடும் அதே ஆழத்தில், இரவு முழுக்க ஊறவைத்து, குறைந்தது மூன்று குழிகளில் உறிஞ்சல் சோதனை செய்யுங்கள். பம்ப் வைத்து மேலே ஏற்ற வேண்டியிருக்கும். மேஸ்திரி சொன்ன சேமிப்புத் தொட்டி எப்படியும் வேண்டியதுதான், அதனால் அது கூடுதல் சுமை இல்லை.

சாயம் வெளியே வராத அந்த வாய்தான் என்னைத் தூங்கவிடாது. தண்ணீர் தடையில்லாமல் போகிறது என்றால் அடியில் உடைந்த குழாயோ, கல் போட்டு மூடிய பழைய உறிஞ்சுகுழியோ இருக்கிறது. முலாம் பட்டறையில் அது எதற்காக இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இனி அதில் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம். குழாய்க்குள் கேமரா விட்டு முனை எங்கே என்று பார்த்து, அந்த முனைக்கு அருகில் துளையிட்டு வெவ்வேறு ஆழத்தில் மண் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கண்காணிப்புக் குழாயை அதற்குக் கீழ்ப்பக்கமாக நகர்த்திவிடுங்கள். அடுத்த மனைக்காரரின் கிணற்று நீரையும் அவர் சம்மதத்தோடு அதே நாளில் சோதியுங்கள், முடிவு எதுவானாலும் ஒரு பிரதி அவருக்குக் கொடுங்கள். அவர் வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்றால் காத்திருக்கச் சொல்லாமல் இன்றைக்கே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

பழைய டேங்கை நீங்கள் பயன்படுத்த வேண்டாம். தரை வடிகால் சேர்ந்த டேங்க் அது, கழிவறைத் தண்ணீர் மட்டும் வாங்கிய டேங்க் இல்லை. அமெரிக்காவில் ஒரு நாளைக்கு 20 பேரோ அதற்கு மேலோ பயன்படுத்தும் செப்டிக் அமைப்பைத் தனி வகையாக வைத்து, அதில் மனிதக் கழிவுநீரைத் தவிர வேறு எதுவும் சேரக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். எங்கே இருந்தாலும் அந்த அளவுகோல் சரியானதுதான். கசடைச் சோதித்து, அதற்கேற்ற முறையில் அகற்றி, டேங்குக்கு அடியிலுள்ள மண்ணையும் பார்த்து மூடுவது விற்பவரின் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள்.

ஒப்பந்தம் பற்றி ஒன்று. ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவது உங்கள் பெயரில் இருக்கட்டும், அறிக்கை நேராக உங்களுக்கு வரட்டும். நீங்கள் கைக்கு எடுக்கும் நாளில் மண்ணும் தண்ணீரும் எந்த நிலையில் இருந்தன என்பதற்கு அதுதான் சாட்சி. முடிந்தால் ஒரு மழைக்காலம் தாண்டும்வரை மாதம் ஒரு முறை மூன்று குழாய்களிலும் மட்டம் அளந்து, அதுவரை தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கும்படி கேளுங்கள். கரைப்பான் சோதனையில் ஏதாவது வந்தால் செப்டிக் பேச்சையே நிறுத்திவிட்டு இங்கே எண்களைப் போடுங்கள். மனையில் எதையும் உறிஞ்சவிடாத, மூடிய சேமிப்புத் தொட்டியும் லாரியுமாகத்தான் யோசிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு மாதாமாதம் வரும், அதையும் சேர்த்துத்தான் மனையின் விலையைப் பேச வேண்டும்.